விரிதாளில் கலங்களுக்குத் தானாக நிறம் வரச் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரில் மாலை வேளைகளில் விரிதாள் (எக்செல் போன்ற கணக்குத் தாள்) வகுப்பு எடுக்கிறேன். பாடசாலை ஆசிரியர்கள், மரண சகாய சங்கப் பொருளாளர்கள், பாமசியில் இருப்புப் பார்க்கிறவர்கள், கொட்பே துறைமுகத்தில் மீன் வாங்கி அனுப்புவோரின் கணக்கெழுதும் பிள்ளைகள் என்று பலரும் வருகிறார்கள். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்களும் உண்டு. யார் வந்தாலும் இரண்டாம் வாரத்தில் ஒரே கேள்வியைக் கேட்டுவிடுவார்கள்: "இந்தக் கலம் தானாகவே சிவப்பாக வேண்டும், என்ன செய்வது?" அதைச் செய்யும் வசதியின் பெயர் நிபந்தனை வடிவமைப்பு. அந்தக் கேள்விக்கும் அதன் பின்னால் வரிசையாக வரும் கேள்விகளுக்கும் நான் சொல்லும் பதில்கள் இவை.

படிப்பதற்கு முன் ஒரு குறிப்பு. நிரல்களின் எழுத்துகளையும் சார்புகளின் பெயர்களையும் இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். சி என்றால் இடமிருந்து மூன்றாவது நிரல். டுடே என்றால் இன்றைய திகதியைத் தரும் சார்பு (ஃபங்ஷன்). தாளில் அடிக்கும்போது ஆங்கில எழுத்துகளாலேயே அடிக்க வேண்டும். நிரல் மேலிருந்து கீழே போவது, நிரை இடமிருந்து வலமாகப் போவது, இரண்டும் சந்திக்கும் கட்டம் கலம்.

நிபந்தனை வடிவமைப்பு என்றால் என்ன? நானே கையால் நிறம் போட்டால் போதாதா?

கையால் போட்ட நிறம் போட்டபடியே கிடக்கும். ஐப்பசி மாதச் சந்தா கட்டாதவரின் பெயருக்குச் சிவப்பு அடிக்கிறீர்கள். அவர் கார்த்திகையில் வந்து கட்டிவிடுகிறார். தொகையை எழுதுகிறீர்கள், சிவப்பை எடுக்க மறந்துவிடுகிறீர்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பெயரை நிலுவைக்காரர் பட்டியலில் வாசித்தால் அவருக்கு எவ்வளவு மனவருத்தம்! நிபந்தனை வடிவமைப்பில் நிறத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. காரணம் தீர்ந்ததும் நிறமும் போய்விடும். கலத்தில் உள்ள எண்ணை அது தொடுவதில்லை, தோற்றத்தை மட்டும் மாற்றுகிறது. ஏற்கெனவே கையால் போட்ட நிறம் அடியில் அப்படியே இருக்கும். நிபந்தனை பொருந்தாதபோது அது மறுபடி தெரியும். பலர் குழம்புவது இதனால்தான். ஆகவே கையால் போட்டதை முதலில் நீக்கிவிடுங்கள்.

இந்த வசதி எக்செலில் 1997ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே உண்டு. அப்போது ஒரு கலத்துக்கு மூன்று நிபந்தனைகளுக்கு மேல் வைக்க முடியாது. 2007 பதிப்பில் அந்த வரம்பு போனது. வர்ண அளவுகோல் (எண்ணுக்கேற்ப நிறம் படிப்படியாக மாறுவது), தரவுப் பட்டை (எண்ணுக்கேற்ப கலத்துக்குள் நீளும் பட்டை), சின்னங்கள் எல்லாம் அதில்தான் வந்தன.

அது எங்கே இருக்கிறது?

எக்செலில் ஹோம் பட்டையில் கண்டிஷனல் ஃபார்மட்டிங். கூகுள் ஷீட்ஸில் ஃபார்மட் பட்டியலுக்குள் அதே பெயரில். அழுத்தினால் வலப்பக்கம் ஒரு பலகை திறக்கும். லிப்ரே ஆபிஸ் கல்க்கில் ஃபார்மட், அதற்குள் கண்டிஷனல், அதற்குள் கண்டிஷன். மூன்றிலும் வேலை ஒன்றுதான், பெயர்ப்பலகைதான் வேறு.

முதல் விதியை எப்படி எழுதுவது?

விசைப்பலகையைத் தொடுவதற்கு முன் விதியை வாய்விட்டுத் தமிழில் சொல்லுங்கள். "கணிதத்தில் 35க்குக் குறைவாக எடுத்த பிள்ளையின் புள்ளி இளஞ்சிவப்பாக வேண்டும்." இதில் மூன்று விடயங்கள் இருக்கின்றன: எந்தக் கலங்கள், என்ன நிபந்தனை, என்ன தோற்றம். மூன்றும் தெளிவாக வந்தால் மென்பொருளில் ஐந்து நிமிட வேலை. "சரியில்லாதவை தெரிய வேண்டும்" என்று மட்டும் சொல்லத் தெரிந்தால் எந்த மென்பொருளாலும் உதவ முடியாது. "சரியில்லாதது" என்றால் என்ன என்று நீங்கள்தான் சொல்லியாக வேண்டும்.

எக்செலில் புள்ளிகள் உள்ள கலங்களைத் தெரிவு செய்து, ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், லெஸ் தேன் என்று போய் 35 என்று அடியுங்கள். ஷீட்ஸில் பலகையைத் திறந்து லெஸ் தேன் என்பதைத் தேர்ந்து 35 கொடுங்கள். முடிந்தது. சாதாரண தரப் பரீட்சையில் 35 புள்ளிதான் கடைசிச் சித்தியான எஸ் தரத்தின் அடிவாசல். ஆகவே 35 எடுத்த பிள்ளைக்கு நிறம் வரக்கூடாது, 34க்கு வர வேண்டும். இரண்டையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

பரீட்சைக்கு வராத பிள்ளைக்கும் நிறம் வருகிறதே?

வெற்றுக் கலத்தைப் பூச்சியம் என்று எண்ணிவிடுவதால் வருவது அது. பூச்சியம் 35க்குக் குறைவுதானே. அம்மை கண்டு வீட்டில் படுத்திருந்த பிள்ளை பூச்சியம் எடுத்ததாகத் தாள் சொல்லிவிடும்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. வராத பிள்ளைக்கு வெற்றாக விடாமல் ஏபி என்று இரண்டு எழுத்து அடிப்பது ஆசிரியர்களின் வழக்கம். விரிதாளின் கணக்கில் எந்தச் சொல்லும் எந்த எண்ணையும்விடப் பெரியது. 75க்கு மேல் பச்சை என்று ஒரு சூத்திரம் எழுதியிருந்தால் வராத பிள்ளைக்கு அதி திறமைக்குரிய பச்சை கிடைக்கும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் இது கண்ணில் படும். 400 பேர் உள்ள தாளில் படாது.

தீர்வு: கலத்தில் இருப்பது எண்தானா என்று முதலில் கேட்க வேண்டும். சூத்திரம் எழுதும் இடத்துக்குப் போய் (எக்செலில் நியூ ரூல் பட்டியலில் கடைசி வரி, ஷீட்ஸில் கஸ்டம் ஃபார்முலா இஸ்) இப்படி எழுதுங்கள்:

=அண்ட்(இஸ்நம்பர்($சி2),$சி2<35)

இது எண்ணா, எண் என்றால் 35க்குக் குறைவா, இரண்டும் ஆம் என்றால் நிறமிடு. வெற்றுக் கலமும் ஏபியும் முதல் கேள்வியிலேயே நின்றுவிடும்.

புள்ளிக்கு மட்டும் நிறம் வருகிறது. பிள்ளையின் பெயர் உட்பட முழு நிரைக்கும் வர என்ன செய்வது?

எல்லாக் கேள்விகளிலும் இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். இது விளங்கினால் மீதி எல்லாம் விளங்கும்.

ஏ நிரலில் சுட்டெண், பியில் பெயர், சியில் கணிதம், டியில் விஞ்ஞானம், ஈயில் தமிழ், எஃபில் ஆங்கிலம் என்று வைத்துக்கொள்வோம். முதல் நிரை தலைப்பு. பிள்ளைகள் இரண்டாம் நிரையில் தொடங்கி 41ஆம் நிரை வரை. ஏ2 முதல் எஃப்41 வரை தெரிவு செய்கிறோம். அங்கே =சி2<35 என்று டொலர் அடையாளம் இல்லாமல் எழுதினால் என்ன நடக்கிறது?

விதியைத் தெரிவின் இடது மேல் மூலைக் கலத்துக்கு எழுதியதாக மென்பொருள் கருதும். அதாவது ஏ2, சி2ஐப் பார்க்கும். அடுத்த கலம் பி2. அது ஒரு கலம் வலப்பக்கம் தள்ளியிருப்பதால் தானும் ஒன்று தள்ளி டி2ஐப் பார்க்கும். பெயருக்குப் பக்கத்தில் விஞ்ஞானப் புள்ளியை வைத்து நிறம் வந்துவிடும். சி2 போய் ஈ2ஐப் பார்க்கும். கணிதம் 80 எடுத்த பிள்ளையின் கணிதக் கலம், தமிழில் 30 எடுத்ததற்காகச் சிவக்கும். தாள் முழுவதும் தேமல் விழுந்ததுபோல நிறங்கள் சிதறிக் கிடக்கும்.

=$சி2<35 என்று எழுதினால் டொலர் சியைக் கட்டிப்போடுகிறது. ஏ2 ஆனாலும் எஃப்2 ஆனாலும் சி நிரலைத்தான் பார்க்கும். 2க்கு முன்னால் டொலர் இல்லாததால் கீழே இறங்க இறங்க 3, 4, 5 என்று இலக்கம் கூடவே இறங்கும். ஒவ்வொரு பிள்ளையின் நிரையும் அந்தப் பிள்ளையின் கணிதத்தைப் பார்க்கிறது. நமக்கு வேண்டியது இதுதான்.

=$சி$2<35 என்று இரண்டுக்கும் கட்டுப் போட்டால் நாற்பது நிரைகளும் முதல் பிள்ளையின் புள்ளியையே பார்க்கும். அந்தப் பிள்ளை 34 எடுத்தால் வகுப்பே சிவப்பு, 36 எடுத்தால் ஒருவருக்கும் நிறமில்லை.

இன்னொன்று. தலைப்பையும் சேர்த்து ஏ1இலிருந்து தெரிவு செய்துவிட்டு சூத்திரத்தில் 2 என்று எழுதினால் எல்லாம் ஒரு நிரை மேலே ஏறிவிடும். 34 எடுத்த பிள்ளைக்குப் பதிலாக, இடாப்பில் அவருக்கு மேலே இருக்கும் பிள்ளை சிவப்பாவார். பார்ப்பதற்குத் தாள் அழகாகவே இருக்கும், சந்தேகமே வராது. ஒரு வகுப்பாசிரியை இப்படியொரு தாளை வைத்துக்கொண்டு தவறான பிள்ளையின் தாயாரைக் கூப்பிட்டு மேலதிக வகுப்புக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். தாயார் மகளின் விடைத்தாளைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். 78 புள்ளி. அந்த ஆசிரியை அன்று மாலை என்னிடம் வந்து தாளைக் காட்டியபோது எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. நிறத்தை நம்பி ஒருவர் ஒரு காரியம் செய்கிறார். பிழையான நிறம், நிறமே இல்லாததைவிடக் கெடுதல். தெரிவின் முதல் நிரை எதுவோ, சூத்திரத்தின் இலக்கமும் அதுவே. இதை என் மாணவர்கள் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஏ, பி, சி, எஸ் தரங்களுக்கு வெவ்வேறு நிறம் கொடுத்தேன். எல்லோருக்கும் ஒரே நிறம் வருகிறது. ஏன்?

75 அல்லது அதற்கு மேல், 65 அல்லது அதற்கு மேல், 50 அல்லது அதற்கு மேல், 35 அல்லது அதற்கு மேல் என்று நான்கு விதிகள் எழுதியிருப்பீர்கள். 80 எடுத்த பிள்ளைக்கு நான்கும் பொருந்தும். எந்த விதி முதலில் நிற்கிறதோ அதன் நிறம்தான் வெல்லும். எக்செல் புதிதாக எழுதும் விதியை வரிசையின் தலையில் வைக்கும். நீங்கள் 75இல் தொடங்கி 35இல் முடித்திருந்தால், கடைசியில் எழுதிய 35 முதலிடத்தில் உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் எஸ் நிறத்துக்கு இழுத்துவிட்டது. மானேஜ் ரூல்ஸ் என்பதைத் திறந்து அம்புக்குறியால் 75ஐ உச்சிக்கு ஏற்றுங்கள், அதன் கீழ் 65, பிறகு 50, பிறகு 35. ஷீட்ஸிலும் கல்க்கிலும் மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் பொருந்தும் விதியை மென்பொருள் எடுத்துக்கொள்ளும்; ஷீட்ஸில் விதியைப் பிடித்து இழுத்தே இடம் மாற்றலாம்.

"65க்கும் 74க்கும் இடையில்" என்று எல்லை போட்டு எழுதினால் வரிசைச் சிக்கல் வராது என்று சிலர் சொல்வார்கள். முழு எண்களுக்குச் சரி. சராசரிப் புள்ளிகளுக்குச் சரிவராது. 74.6 எந்த எல்லைக்குள்ளும் விழாமல் நிறமின்றி நிற்கும். அந்தக் கலம் தசமமின்றி 75 என்றே காட்டிக்கொண்டிருக்கும், ஆனால் விதி கண்ணுக்குத் தெரியும் எண்ணைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் எண்ணைப் பார்க்கிறது. பாடசாலையில் சராசரியை முழுமையாக்குவது வழக்கம் என்றால் ரவுண்ட் சார்பால் முதலில் முழுமையாக்கிவிட்டு அதற்கு விதி எழுதுங்கள்.

காலாவதியாகப் போகும் மருந்துகளுக்கு முன்கூட்டியே நிறம் வர வேண்டும். முடியுமா?

முடியும், இந்த வசதியின் மிகச் சிறந்த பயன்களில் அது ஒன்று. டி நிரலில் காலாவதித் திகதி இருந்தால், தொண்ணூறு நாட்களுக்குள் முடிவதைக் காட்ட:

=அண்ட்($டி2<>"",$டி2<=டுடே()+90)

ஒவ்வொரு நாளும் கோப்பைத் திறக்கும்போது டுடே தானாக மாறும். ஏற்கெனவே முடிந்துபோனவற்றுக்கு $டி2<டுடே() என்று இன்னொரு விதி (வெற்றுக் கலத்தை விலக்கும் முன்பகுதியை இதிலும் அண்ட் சார்புக்குள் அப்படியே வையுங்கள்), அதற்குக் கடுஞ்சிவப்பு, அது வரிசையில் மேலே.

ஆனால் இங்கேதான் நான் ஒருமுறை பெரிதாகப் பிழைவிட்டேன். தெரிந்தவர் ஒருவரின் பாமசிக்கு இந்தத் தாளை அமைத்துக் கொடுத்தேன். சூத்திரம் சரி, டொலர் சரி. இரண்டு கிழமைக்குப் பிறகு அங்கே வேலை செய்யும் பெண் ஒரு இருமல் பாணிப் போத்தலைக் கையில் எடுத்து, அடியில் அச்சிட்ட திகதியை என்னிடம் காட்டினார். தாளில் அந்த நிரை சிவப்பு. போத்தலிலோ இன்னும் நான்கு மாதம் இருந்தது. அவர் தட்டெழுதியது 03/07/2025, அதாவது ஜூலை 3. கணினியின் பிரதேச அமைப்பு அமெரிக்காவுக்கு வைத்திருந்ததால் அது மார்ச் 7 என்று எடுத்துக்கொண்டது. நாம் நாளை முதலில் எழுதுகிறோம், அவர்கள் மாதத்தை முதலில் எழுதுகிறார்கள்.

அது பாதிதான். 25/07/2025 என்று அடித்ததை அந்தக் கணினியால் திகதியாகவே எடுக்க முடியவில்லை, 25ஆம் மாதம் என்று ஒன்று இல்லையே. அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டது. எழுத்து எந்த எண்ணையும்விடப் பெரியது என்று மேலே சொன்னேன் அல்லவா? ஆகவே அந்த நிரைகளுக்கு ஒருநாளும் நிறம் வரப்போவதில்லை. மருந்து காலாவதியாகி ஒரு வருடம் போனாலும் தாள் வெள்ளையாகவே இருக்கும். தவறாகச் சிவந்த போத்தல் நம்மைக் காப்பாற்றியது; சிவக்காமல் இருந்தவைதான் ஆபத்து.

அன்றிலிருந்து திகதி நிரலைக் கண்டால் முதல் வேலையாக அதன் வடிவத்தைச் சாதாரண எண்ணுக்கு மாற்றிப் பார்க்கிறேன். விரிதாள் திகதியை நாட்களின் எண்ணிக்கையாக வைத்திருக்கிறது. 2025 ஜூலை 3 என்றால் 45841, மார்ச் 7 என்றால் 45723. மாறாமல் 25/07/2025 என்றே நிற்கும் கலம் திகதி இல்லை. வடிவத்தை மாற்றாமலும் ஓரளவு தெரியும்: உண்மைத் திகதி கலத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். பிரதேச அமைப்பை இலங்கைக்கு மாற்றிவிட்டு, பழைய திகதிகளைத் திரும்ப அடித்தோம். மாற்றினால் மட்டும் போதாது. ஏற்கெனவே பிழையாகப் பதிந்தவை தாமாகத் திருந்தாது. அலுமாரியிலிருந்து ஒவ்வொரு பெட்டியாக எடுத்து ஒப்பிட ஒரு முழு ஞாயிறு போனது.

ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

எக்செலில் டூப்ளிகேட் வேல்யூஸ் என்ற ஆயத்த விதி உண்டு. ஷீட்ஸில் =கவுண்ட்இஃப்($பி$2:$பி$500,$பி2)>1 என்று எழுத வேண்டும். பெயரை வைத்துத் தேடாதீர்கள், ஒரே பெயரில் ஒரு கிராமத்தில் நாலு பேர் இருப்பார்கள். தேசிய அடையாள அட்டை இலக்கத்தை வைத்துத் தேடுங்கள்.

அதிலும் ஒரு நுணுக்கம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் முடிவில் ஓர் எழுத்தும். புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கம். நிவாரணப் பட்டியலில் ஒருவர் தந்தையின் கையால் பழைய இலக்கத்திலும், மகளின் கையால் புதிய இலக்கத்திலும் பதிவாகியிருக்கலாம். விதிக்கு அவை இரண்டு ஆட்கள். பழையதைப் புதியதாக்கும் முறை எளிது: முன்னால் 19, பிறகு பழைய இலக்கத்தின் முதல் ஐந்து, பிறகு ஒரு பூச்சியம், பிறகு அடுத்த நான்கு, எழுத்தை விட்டுவிடலாம். பக்கத்தில் ஓர் உதவி நிரல் போட்டு:

=இஃப்(லென்(பி2)=10,"19"&லெஃப்ட்(பி2,5)&"0"&மிட்(பி2,6,4),பி2)

இந்த உதவி நிரலுக்கு விதி எழுதினால் இரட்டைப் பதிவுகள் வெளிவரும். இலக்கங்களை அடிப்பதற்கு முன்னரே பி நிரலை எழுத்து வடிவமாக்கி வையுங்கள், இல்லாவிட்டால் எக்செல் பன்னிரண்டு இலக்கத்தைச் சுருக்கி அடுக்குக்குறி போட்டுக் காட்டும். நிறம் வந்ததும் ஒன்றை அழித்துவிட வேண்டாம். இரு நிரைகளையும் சம்பந்தப்பட்டவரிடம் காட்டிக் கேட்ட பிறகு அழிக்கலாம். நிவாரணப் பட்டியலில் ஒரு நிரை என்பது ஒரு குடும்பத்தின் அரிசி.

"மூதூர்" என்று இருக்கும் நிரைகளுக்கு நிறம் கேட்டேன். சிலவற்றுக்கு வருகிறது, சிலவற்றுக்கு வரவில்லை. கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகத்தானே தெரிகிறது?

பாமினி. நம் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பல வருடம் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு நடந்தது. பாமினியில் அடித்தது உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே இருக்கிறது, எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது. ஒருங்குறியில் (யூனிகோட்) அடித்த மூதூரும் பாமினியில் அடித்த மூதூரும் மென்பொருளுக்கு வெவ்வேறு சொற்கள். அந்தக் கலத்தைத் தெரிவு செய்து எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகள் குழம்பிக் கிடந்தால் அது பாமினி. மாற்றிக்கொடுக்கும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றி ஒட்டுங்கள்.

பாமினி இல்லையென்றால் சொல்லின் கடைசியில் யாரோ இடைவெளி விட்டிருப்பார்கள். ட்ரிம் சார்பு அதை நீக்கும். இரண்டும் இல்லையென்றால் ஒருவர் தம்பலகாமம் என்றும் இன்னொருவர் தம்பலகமம் என்றும் எழுதியிருப்பார். திருகோணமலை மாவட்டத்தில் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகள்தான். அவற்றை ஒரு பட்டியலாக வைத்து, கலத்தை அழுத்தினால் விரியும் பட்டியலிலிருந்து மட்டும் தெரிவு செய்யும்படி அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை அடியோடு தீரும்.

வர்ண அளவுகோலை எப்போது பயன்படுத்தலாம்?

ஒரு பார்வையில் மேடு பள்ளம் தெரிய வேண்டிய இடங்களில். ஆனால் அது எப்போதும் ஒப்பீடுதான், தீர்ப்பு இல்லை. தரவு எப்படி இருந்தாலும் மிகச் சிறிய எண்ணுக்கு ஒரு கரை நிறமும் மிகப் பெரிய எண்ணுக்கு மறுகரை நிறமும் கொடுத்தே தீரும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளின் வெப்பநிலையை அளந்து வந்த மாணவர் குழு ஒன்று அதற்கு நீலத்திலிருந்து சிவப்புவரை அளவுகோல் போட்டிருந்தது. கிணறுகளுக்கிடையே வேறுபாடு கொஞ்சம்தான். தாளிலோ ஒரு கிணறு பனிக்கட்டி போலவும் இன்னொன்று கொதிப்பது போலவும் தெரிந்தது. ஆயத்த எல்லைகளை விட்டுவிட்டு, கீழ் எல்லை 20 பாகை, மேல் எல்லை 60 பாகை என்று எண்ணாகவே கொடுக்கச் சொன்னேன். ஏழும் ஏறத்தாழ ஒரே நிறத்துக்கு வந்தன, அதுதான் உண்மைக்குக் கிட்ட.

மழைத் தரவில் இதன் மறுபக்கம் தெரியும். நமக்கு மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. நவம்பர், டிசம்பர் மாதங்களின் எண்கள் மற்ற மாதங்களை விழுங்கிவிடுவதால், மார்ச்சும் ஜூலையும் ஒரே வெளிறல் நிறத்தில் படுத்துவிடும். எல்லையை எண்ணுக்குப் பதிலாகச் சதமானத்தில் (பர்சென்டைல் என்ற தெரிவு) கொடுத்தால் சிறிய மாதங்களுக்கிடையே உள்ள வேறுபாடும் தெரியவரும்.

பிள்ளைகளின் வரவு 80 சதவீதத்துக்குக் குறைந்தால் நிறம் என்று எழுதினேன். எல்லோருக்கும் வந்துவிட்டது.

சதவீத வடிவில் இருக்கும் 80இன் உள்ளே 0.8தான் இருக்கிறது. விதியில் 80% என்று அடையாளத்தோடு எழுதுங்கள், அல்லது 0.8 என்று எழுதுங்கள்.

போயா நாட்களையும் சனி ஞாயிறையும் சம்பளத் தாளில் காட்ட முடியுமா?

சனி ஞாயிறுக்கு =வீக்டே($ஏ2,2)>5. போயாவுக்குச் சூத்திரம் தேட வேண்டாம், நாட்காட்டியைப் பார்த்து அந்த வருடத்துப் போயாத் திகதிகளை எச் நிரலில் எழுதிவிட்டு =கவுண்ட்இஃப்($எச்$2:$எச்$14,$ஏ2)>0 என்று கேளுங்கள். பட்டியல் வேறொரு தாளில் இருந்தால் எக்செல் 2010 முதல் நேரடியாகவே எழுதலாம். ஷீட்ஸில் இன்டைரக்ட் சார்புக்குள் வைத்துத்தான் எழுத முடியும்.

நான் மூன்று விதிதான் எழுதினேன். இப்போது திறந்து பார்த்தால் நாற்பது இருக்கிறது!

வெட்டி ஒட்டும்போது கலத்தோடு அதன் விதியும் கூடவே போகிறது. ஒவ்வொரு ஒட்டலிலும் விதியின் எல்லை துண்டு துண்டாகிப் பெருகுகிறது. கோப்பு மந்தமாவதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம். ஒட்டும்போது பெறுமதியை மட்டும் ஒட்டும் தெரிவைப் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே குழம்பிவிட்டதென்றால் ஒவ்வொன்றாகத் திருத்த மினக்கெட வேண்டாம். எல்லா விதிகளையும் அழித்துவிட்டு மூன்றையும் புதிதாக எழுதுவது விரைவு. தமிழில் சொல்லிய அந்த வாக்கியங்களைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்திருந்தால் இதற்குக் கைகொடுக்கும்.

சிவப்பாக இருக்கும் கலங்களை எண்ண முடியுமா?

நிறத்தால் வடிகட்டலாம், வரிசைப்படுத்தலாம். நிறத்தை எண்ணும் சார்பு இல்லை. நிறத்துக்குக் காரணமான நிபந்தனையை எண்ணுங்கள்: =கவுண்ட்இஃப்(சி2:சி41,"<35"). இது வெற்றுக் கலத்தையும் எழுத்தையும் எண்ணாது என்பது கூடுதல் நன்மை. இந்த எண்ணும் நிறமும் ஒத்துப்போகாவிட்டால் விதியில் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள்.

கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தால் எல்லாம் ஒரே சாம்பலாக வருகிறது.

வலயக் கூட்டத்துக்குப் போட்டோகொப்பி எடுத்துக்கொண்டு போகிறவர்களின் கவலை இது. நிறத்தோடு தடித்த எழுத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அது கறுப்பு வெள்ளையிலும் தெரியும். அல்லது பக்கத்து நிரலில் இஃப் சார்பால் "கவனிக்க" என்று ஒரு சொல் வரச் செய்யுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்கள் உள்ளவர்கள், ஆண்களில் மிகக் கூடுதலாக, நம் சங்கங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் அதை வெளியில் சொல்வதில்லை. நீலத்தையும் செம்மஞ்சளையும் சோடியாக எடுத்தால் அவர்களுக்கும் தெரியும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நிறம் போய்விடுமா?

எக்செல் கோப்பாகவோ பிடிஎஃப் ஆகவோ அனுப்பினால் போகாது. சிஎஸ்வி வடிவில் சேமித்தால் விதியும் நிறமும் எல்லாம் போய்விடும், எழுத்தும் எண்ணும் மட்டும் மிஞ்சும். கைபேசியில் ஷீட்ஸ் செயலியில் விதியை எழுதவும் முடியும், ஆனால் டொலர் அடையாளத்தைத் தேடித் தேடி அடிப்பது சிரமம். கணினியில் எழுதிவிட்டுக் கைபேசியில் பார்ப்பது நல்லது.

எத்தனை நிறம் வைக்கலாம்?

இரண்டு, மிஞ்சினால் மூன்று. மரண சகாய சங்கத் தாள் ஒன்றில் ஒன்பது நிறம் பார்த்தேன். ஊதா எதற்கு என்று கேட்டேன், தாளை அமைத்தவருக்கே நினைவில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் "இதைக் கண்டால் யார் என்ன செய்வார்?" என்று கேட்டுப் பாருங்கள். சிவப்பென்றால் பொருளாளர் வீட்டுக்குப் போய்க் கேட்பார். மஞ்சளென்றால் அடுத்த கூட்டத்தில் நினைவூட்டுவார். ஊதாவுக்கு வேலை இல்லையென்றால் ஊதா வேண்டாம். முழு நிரையையும் சந்தோசமாகப் பச்சை அடிப்பதும் தேவையில்லை. ஒழுங்காகக் கட்டியவர்கள் வெள்ளையில் இருக்கட்டும், அப்போதுதான் கவனிக்க வேண்டியவர்கள் கண்ணில் படுவார்கள்.

விதி சரியாக வேலை செய்கிறதா என்று எப்படி உறுதி செய்வது?

கோப்பின் ஒரு பிரதியை எடுத்து, முதல் நிரையிலும் கடைசி நிரையிலும் நடுவில் ஒன்றிலும் மாறி மாறி அடித்துப் பாருங்கள்: 34, 35, 36, 0, 34.6, வெறுமை, ஏபி. ஏழையும் அடிப்பதற்கு முன் எதற்கு நிறம் வர வேண்டும், எதற்கு வரக்கூடாது என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். பிறகு அடியுங்கள். எழுதியதும் திரையில் வருவதும் ஒவ்வொன்றாக ஒத்துப்போக வேண்டும். திகதி விதியென்றால் நேற்று, இன்று, நாளை, தொண்ணூறாம் நாள், தொண்ணூற்றோராம் நாள், அத்தோடு 12க்கு மேற்பட்ட நாளுள்ள ஒரு திகதி. பாமசித் தாளை ஒப்படைப்பதற்கு முன் அந்தக் கடைசி ஒன்றை மட்டும் நான் அடித்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். இப்போது அந்தத் தாளின் முதல் நிரையில் 25ஆம் நாளுள்ள ஒரு பழைய திகதியைச் சோதனைக்காகவே நிரந்தரமாக வைத்திருக்கிறோம். காலையில் கோப்பைத் திறந்ததும் அந்தப் பெண் முதலில் பார்ப்பது அதைத்தான். அது சிவப்பாக இருந்தால் மற்றவற்றைப் பார்க்கத் தொடங்குவார்.